நோர்வேயில் இருந்து வந்த ஈரப்பதனூட்டி: யாருக்குத் தேவை, யாருக்குக் கூடாது?

சென்ற மாரியில் வன்னியில் உள்ள பெரியம்மாவின் வீட்டுக்கு நோர்வேயில் இருந்து ஒரு பெட்டி வந்தது. சொக்லேற், சவர்க்காரம், குளிர்ச் சட்டை என்பவற்றோடு வெள்ளை நிறத்தில் ஒரு சிறிய கருவியும் இருந்தது. தண்ணீர் ஊற்றி சுவிட்சைப் போட்டால் மேலே வெண்புகை போல எழும்பும். ஒஸ்லோவில் இருக்கும் அண்ணா தொலைபேசியில் விளக்கம் சொன்னார். அவருடைய பிள்ளைக்கு இரவில் மூக்கு அடைத்து இருமல் வந்ததாம், இதை வைத்த பிறகு குறைந்ததாம். இங்கே பேரனுக்கு முட்டு வருத்தம் இருப்பதால் அதேபோல ஒன்றை வாங்கி அனுப்பியிருக்கிறார்.

பெரியம்மா அதைப் பேரனின் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தார். புகை வீணாகப் போய்விடும் என்று கதவையும் யன்னலையும் சாத்தினார். மூன்று கிழமைகளில் கட்டிலுக்குப் பின்னால் இருந்த சுவரில் சாம்பல் நிறப் புள்ளிகள் படர்ந்தன. பிள்ளையின் இரவு இருமல் கூடியது. அலுமாரிக்கு மேலே சட்டம் போட்டு வைத்திருந்த சின்ன அண்ணாவின் படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது. 2009 இற்குப் பிறகு அவரைப் பற்றி எந்தச் செய்தியும் இல்லை. அந்த வீட்டில் அவருடைய படம் அது ஒன்றுதான்.

கருவி பழுதானது அல்ல. அண்ணா சொன்னதும் பொய் அல்ல. ஒஸ்லோவில் மருந்து போல வேலை செய்த ஒன்று கிளிநொச்சிப் பக்கம் வந்ததும் ஏன் இப்படி ஆனது என்பதைத்தான் இந்தக் கட்டுரை விளக்குகிறது. யாழ்ப்பாணத்துக் கடைகளிலும் இணைய விற்பனைப் பக்கங்களிலும் நிற விளக்கோடு கூடிய இத்தகைய சிறு கருவிகள் இப்போது தாராளமாகக் கிடைக்கின்றன. ஹியூமிடிஃபையர் என்ற பெயரைவிட ‘சளிக்கு நல்ல மிஷின்’ என்ற பெயரில்தான் பலர் வாங்குகிறார்கள்.

குளிர்நாட்டு வீட்டில் நடப்பது என்ன?

காற்று எவ்வளவு நீராவியைத் தாங்கும் என்பது அதன் வெப்பநிலையைப் பொறுத்தது. 28 பாகை செல்சியசில் ஒரு கனமீற்றர் காற்று ஏறத்தாழ 27 கிராம் நீராவியைத் தாங்கும். 21 பாகையில் 18 கிராம். உறைநிலைக்குக் கீழே 10 பாகைக்குப் போனால் இரண்டரைக் கிராமைக்கூடத் தாங்காது. தாங்கக்கூடிய அளவில் இப்போது எத்தனை பங்கு இருக்கிறது என்பதைத்தான் சாரீரப்பதன் என்கிறோம். க.பொ.த. சாதாரண தரத்தில் படித்திருப்போம், பரீட்சையோடு மறந்திருப்போம்.

ஒஸ்லோவிலோ ரொறன்ரோவிலோ தை மாதத்தில் வெளிக்காற்று மறை 10 பாகையில் இருக்கிறது என்று வையுங்கள். அதில் கனமீற்றருக்கு இரண்டு கிராம் அளவில்தான் நீர் இருக்கும். அந்தக் காற்று வீட்டுக்குள் வந்து ஹீற்றரால் 21 பாகைக்குச் சூடாகும்போது நீரின் அளவு கூடுவதில்லை, தாங்கும் கொள்ளளவுதான் 18 கிராமாகிறது. 18 இல் 2 என்றால் பத்து, பதினொரு வீதம். சமையல், குளிப்பு, ஆட்களின் மூச்சு எல்லாம் சேர்ந்து அதை 20, 25 வரை உயர்த்தலாம். உடலுக்கு அது போதாது. வீட்டுக்குள் 30 முதல் 50 வீதம் வரை இருப்பது நல்லது என்பதே பொதுவான பரிந்துரை.

இங்கிருந்து பிள்ளைகளிடம் போன அம்மா, அப்பாமார் முதல் மாரியில் சொல்லும் முறைப்பாடுகள் எல்லோருக்கும் தெரிந்தவை: மூக்கு எரிகிறது, உதடு வெடிக்கிறது, கால் தோல் செதில் செதிலாக உரிந்து இரவெல்லாம் சொறிகிறது, கதவுக் கைப்பிடியைத் தொட்டால் சுள்ளென்று கரண்ட் அடிக்கிறது. மூக்கில் இருந்து இரத்தம் வந்ததும் பயந்து போய் ஊருக்குத் திரும்பப் போகிறேன் என்று நின்ற ஒரு அம்மாவையும் எனக்குத் தெரியும். இவை வறண்ட காற்றின் அறிகுறிகள். ஈரப்பதனூட்டி பிறந்த இடமும், அதற்கு வேலை உள்ள இடமும் இதுதான்.

மூக்கால் இரத்தம் வந்தால் தலையை அண்ணாந்து பிடிக்கக்கூடாது. முன்னால் சரிந்து இருந்து, மூக்கின் மென்மையான பகுதியை விரல்களால் அழுத்தி 10 முதல் 15 நிமிடம் விடாமல் பிடிக்க வேண்டும். அதற்குப் பிறகும் நிற்காவிட்டால், அல்லது இரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவராக இருந்தால், வைத்தியசாலைக்குப் போங்கள்.

குளிர்நாட்டிலும் அளவு உண்டு. வெளியே கடும் குளிர் நிலவும்போது வீட்டுக்குள் 30 வீதத்துக்கு மேலே ஏற்றினால் யன்னல் கண்ணாடியின் உட்பக்கத்தில் நீர் வடியத் தொடங்கும். கண்ணாடி வியர்த்தால் கருவியைக் குறையுங்கள். பல நாள் அப்படி விட்டால் யன்னல் ஓரத்துப் பலகை கறுத்துவிடும். ரொறன்ரோவில் பேஸ்மென்ட் வீடுகளில் வாடகைக்கு இருக்கும் நம்மவர்களுக்கு இன்னொரு குறிப்பு. நிலத்துக்குக் கீழே உள்ள அந்த அறைகள் கோடையில் ஈரம் பிடிப்பவை. மாரியில் மேல்மாடிக்கு ஈரப்பதனூட்டி தேவைப்படும் அதே வீட்டுக்கு, ஆடி மாதத்தில் பேஸ்மென்டுக்கு ஈரத்தை உறிஞ்சி எடுக்கும் டிஹியூமிடிஃபையர் தேவைப்படலாம். இரண்டும் எதிரெதிரான வேலை செய்பவை. பெயர் ஒத்திருப்பதால் மாறி வாங்கியவர்கள் இருக்கிறார்கள்.

அதே கருவி வன்னியில்

இனி நம் பக்கத்துக் கணக்கைப் பார்ப்போம். 10 அடிக்கு 12 அடி அறை, 10 அடி உயரம் என்றால் ஏறத்தாழ 34 கனமீற்றர் காற்று. 28 பாகை, 75 வீத சாரீரப்பதன் என்று எடுத்தால் அந்தக் காற்றில் ஏற்கனவே 700 கிராம் அளவு நீர் இருக்கிறது. முழுதாக நிரம்ப இன்னும் 230 கிராம் போதும். ஒரு தம்ளர் தண்ணீர்! சாதாரண மீயொலிக் கருவி மணிக்கு 200 முதல் 300 மில்லிலீற்றர் வரை தண்ணீரை வெளியே தள்ளும். அதாவது சாத்திய அறையில் ஒரு மணித்தியாலத்தில் காற்று தன் எல்லையைத் தொட்டுவிடும். மீதி இரவு முழுதும் வெளியேறும் தண்ணீர் எங்கே போகும்? சுவருக்கு, மெத்தைக்கு, தலையணைக்கு, அலுமாரிக்குள் இருக்கும் உடுப்புக்கு.

ஆட்களும் ஈரத்தைச் சேர்க்கிறார்கள். நித்திரையில் இருக்கும் ஒருவர் மூச்சாலும் தோலாலும் மணிக்கு ஏறத்தாழ 40 கிராம் நீரை வெளிவிடுகிறார். ஒரே அறையில் ஐந்து பேர் படுத்தால் அதுவே மணிக்கு 200 கிராம். ஒரு ஈரப்பதனூட்டி வேலை செய்வதற்குச் சமம். அறையைச் சாத்திக்கொண்டு நெருங்கிப் படுக்கும் வீட்டுக்கு இன்னொரு கருவி எதற்கு?

முட்டு வருத்தம் உள்ளவர்களுக்கு இது ஏன் கூடாது என்பதற்குக் காரணம் நேரடியானது. மெத்தையிலும் தலையணையிலும் வாழும் கண்ணுக்குத் தெரியாத தூசுப் பூச்சிகள் தண்ணீர் குடிப்பதில்லை, காற்றின் ஈரத்தைத்தான் உறிஞ்சி வாழ்கின்றன. 50 வீதத்துக்குக் கீழே அவை காய்ந்து சாகும். 70, 80 இல் பெருகும். அவற்றின் கழிவு ஆஸ்துமாவைத் தூண்டும் முதன்மையான பொருட்களில் ஒன்று. பூஞ்சணமும் அப்படியே. ஈரமான சுவரில் வளர்ந்து வித்திகளைக் காற்றில் விடும். பிள்ளைக்கு உதவும் என்று வைத்த கருவி, பிள்ளையை முட்ட வைக்கும் இரண்டையும் வளர்க்கிறது.

நுவரெலியா, பண்டாரவளைப் பக்கத்து வாசகர்கள் அங்கே குளிர்தானே என்று கேட்கலாம். குளிர் வேறு, வறட்சி வேறு. மலையகத்தில் மூடுபனியும் மழையுமாக ஈரம் நிறைந்தே இருக்கிறது, வீடுகளில் ஹீற்றரும் ஓடுவதில்லை. லயன் அறைகளின் சுவரைப் பார்த்தாலே விளங்கும்.

நம் பக்கத்தில் வறண்ட காற்றே இல்லையா என்றால், உண்டு. கிழக்கில் கச்சான் காற்று வீசும் மாதங்களில் பகல் வேளையில் ஈரப்பதன் நன்றாகக் குறையும். வடக்கில் சோளகக் காலத்தில் தொண்டை வறளும், கண் எரியும். ஆனால் அந்த எரிவில் பெரும் பங்கு காற்றோடு வரும் புழுதிக்கு உரியது. இரவானதும் ஈரம் திரும்பிவிடும். அதற்குத் தண்ணீர் குடிப்பதும், தரையை ஈரத்துணியால் துடைப்பதும், வைத்தியரைக் கேட்டு மூக்குக்கு உப்புநீர்த் துளி விடுவதும் போதும்.

கடைகளில் ‘எயார் கூலர்’ என்று விற்கப்படும் தண்ணீர் ஊற்றும் காற்றாடியும் ஒருவகை ஈரப்பதனூட்டிதான் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. யன்னலைத் திறந்து வைத்து, வறண்ட பகலில் போட்டால் குளிர்ச்சி தரும். இரவில் கதவைச் சாத்திக்கொண்டு போட்டால் முதல் அரைமணி சுகமாக இருக்கும், பிறகு உடல் பிசுபிசுக்கும். வியர்வை ஆவியாகாத காற்றில் உடல் குளிராது.

குளிரூட்டி பூட்டிய அறை வேறு கதை. ஏசி காற்றில் இருந்து நீரை எடுத்து வெளியே வடிய விடுகிறது. இரவு முழுதும் ஏசியில் படுப்பவர்களுக்குத் தொண்டை காய்வது உண்மை. ஆனால் நம் காலநிலையில் ஏசி அறையும் பெரும்பாலும் 45 வீதத்துக்குக் கீழே போவதில்லை. குளிர்காற்று நேரே முகத்தில் அடிப்பதுதான் காரணமாக இருக்கும். காற்று வரும் திசையை மாற்றி, வெப்பநிலையை 26 இற்கு உயர்த்திப் பாருங்கள். கருவி வாங்குவதைப் பற்றி அதற்குப் பிறகு யோசிக்கலாம்.

முதலில் அளவுங்கள்

ஈரத்தை உடம்பு சரியாகச் சொல்லாது. ஈரப்பதன்மானி என்ற சிறிய எண் காட்டும் கருவி, ஈரப்பதனூட்டியின் விலையில் ஒரு சிறு பங்குக்கு வாங்கலாம். மலிவானவை சில வேளை பத்துப் புள்ளி வரை பிழைவிடும். அதைச் சரிபார்க்கும் வழி நம் குசினியிலேயே இருக்கிறது.

ஒரு போத்தல் மூடியில் மேசை உப்பைப் போட்டு, சில துளி தண்ணீர் விட்டுக் குழையுங்கள். உப்பு கரைந்துவிடக்கூடாது, ஈர மணல் போல இருக்க வேண்டும். அதையும் மானியையும் ஒன்றோடொன்று முட்டாமல், காற்றுப் புகாத பெட்டியில் அல்லது பையில் வைத்து ஓர் இரவு விடுங்கள். காலையில் மானி 75 காட்ட வேண்டும். 70 காட்டினால் உங்கள் மானி ஐந்து குறைத்துக் காட்டுகிறது என்று பொருள். அதைக் கூட்டிக்கொள்ளுங்கள். மூடிய பெட்டிக்குள் சுத்தமான உப்பின் நிரம்பிய கரைசலுக்கு மேலே உள்ள காற்று ஏறத்தாழ 75 வீதத்தில் நிற்கும் என்பதே இதன் அடிப்படை.

மானி வாங்க முடியாதவர்களுக்கும் உப்பே வழி சொல்லும். மேசை உப்பு 75 வீதத்துக்கு மேலேதான் தானாகக் கசியத் தொடங்கும். கறியுப்பு அதற்கு முன்பே கசியும், அதில் கலந்திருக்கும் மக்னீசியம் உப்புகளே காரணம். ஆனையிறவு உப்பைச் சிரட்டையில் வைத்துப் பாவித்த வீடுகளில் மாரி வந்தால் சிரட்டைக்கு அடியில் தண்ணீர் நிற்கும் என்பதை அம்மாமார் அறிவார்கள். பொரித்த அப்பளம் கால்மணி நேரத்தில் நமத்துப் போனால், தீக்குச்சி உரசினால் பற்றாவிட்டால், அந்த வீட்டுக்கு ஈரப்பதனூட்டி தேவையில்லை.

காலை, மதியம், படுக்கும் நேரம் என்று ஒரு கிழமை எழுதி வையுங்கள். தொடர்ந்து 30 இற்குக் கீழே இருந்தால் கருவி உதவும். 30 இற்கும் 50 இற்கும் இடையில் இருந்தால் ஒன்றும் செய்ய வேண்டாம். 60 இற்கு மேலே இருந்தால் கருவியை அலுமாரிக்கு மேலே தூக்கி வையுங்கள். நம் பிரதேசத்தில் எடுக்கப்படும் அளவுகள் அநேகமாக மூன்றாவது வகைக்குள்தான் விழும்.

பாவிக்கத்தான் வேண்டும் என்றால்

வைத்தியர் சொல்லி, அல்லது குளிர்நாட்டில் இருப்பதால் பாவிப்பவர்களுக்கு முதல் விடயம் தண்ணீர். மீயொலிக் கருவி தண்ணீரை ஆவியாக்குவதில்லை, அதிர்வால் நுண்துளிகளாக உடைத்து வீசுகிறது. தண்ணீரில் கரைந்திருப்பது எல்லாம் துளியோடு வெளியே வரும். துளி காய்ந்ததும் அது நுண்ணிய வெண்தூசாக மிஞ்சும். குடாநாட்டின் கிணற்றுத் தண்ணீர் சுண்ணக்கல்லுக்குள் இருந்து வருவது. கேத்தலின் அடியில் கல்லுப் போலப் படியும் வெள்ளையைப் பாருங்கள். அதைத்தான் பிள்ளையின் நெஞ்சுக்குள் அனுப்புவோம். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், கரைந்த உப்புகளில் பெரும்பகுதி மிஞ்சியிருக்கும். காய்ச்சி வடித்த நீர் சிறந்தது. கிடைக்காவிட்டால் ஆர்.ஓ. நீர். வாகன பற்றரிக்கு ஊற்றும் தண்ணீர் மனிதர் மூச்சிழுப்பதற்கென்று தயாரிக்கப்பட்டதல்ல, அதை எடுக்க வேண்டாம்.

தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆவி விடும் வகையில் உப்பு அடியில் தங்கிவிடும், காற்றுக்கு வராது. ஆனால் கொதிநீர்ப் பாத்திரம் தவழும் பிள்ளைக்குப் பக்கத்தில் இருக்கிறது என்பதை மறக்கக்கூடாது. பிள்ளைகள் உள்ள வீட்டுக்குக் குளிர்புகை விடும் வகையே பாதுகாப்பு. நொச்சி இலை போட்டு ஆவி பிடிப்பதற்கும் இதே எச்சரிக்கை. மூக்கடைப்புக்குப் பெரியவர்கள் பிடிப்பதில் தவறில்லை. சிறு பிள்ளையைப் போர்வைக்குள் வைத்துக் கொதிநீர்ச் சட்டிக்கு மேலே பிடிக்க வேண்டாம். முட்டு வருத்தத்துக்கு அது சிகிச்சையும் அல்ல.

இரண்டாவது, துப்புரவு. தாங்கியில் நிற்கும் தண்ணீரை நாளாந்தம் ஊற்றிவிட்டு, துடைத்து, புதுத் தண்ணீர் விட வேண்டும். மூன்று நாளுக்கு ஒருமுறை உட்புறத்தில் வழுவழுப்பும் படிவும் இல்லாமல் தேய்த்துக் கழுவ வேண்டும். நேற்றைய தண்ணீரில் வளர்ந்த பக்ரீரியாவையும் பூஞ்சணத்தையும் கருவி அப்படியே அறைக்குள் வீசும். அதனால் காய்ச்சல், இருமலோடு நுரையீரல் அழற்சியே வரலாம்.

கழுவும் மருந்தைத் தாங்கியில் விட்டுவிட்டு இயக்கவே கூடாது. இதற்கு ஒரு பெரும் துயரச் சான்று உண்டு. தென்கொரியாவில் 1994 முதல் ஈரப்பதனூட்டித் தண்ணீரில் கலக்கும் கிருமிகொல்லி கடைகளில் விற்கப்பட்டது. தோலில் பட்டால் பெரிய தீங்கில்லாத இரசாயனம் என்று கருதப்பட்ட அது, நுண்துளியாகி நுரையீரலுக்குள் போனதும் கொன்றது. 2011 இல் கர்ப்பிணிகளும் அண்மையில் பிள்ளை பெற்ற தாய்மாரும் காரணம் தெரியாத நுரையீரல் நோயோடு வைத்தியசாலைகளுக்கு வரத் தொடங்கிய பிறகே உண்மை வெளிவந்தது. அந்த ஆண்டே விற்பனை நிறுத்தப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் பாதிக்கப்பட்டவர்களாகப் பின்னர் அரசினால் ஏற்றுக்கொள்ளப்பட்டனர். பல குடும்பங்களில் தங்கள் பிள்ளை நோயில்லாமல் இருக்க வேண்டும் என்று கவனமாக ஊற்றியவர்கள் தாய்மாரே. டெற்றோல், குளோரின், யூக்கலிப்டஸ் தைலம், வாசனை எண்ணெய், சித்தாலேப எதுவும் அந்தத் தாங்கிக்குள் போகக்கூடாது.

கனடாவில் இருந்து அனுப்புபவர்களுக்கு ஒரு குறிப்பு. அங்குள்ள மின்சாரம் 120 வோல்ற், இங்கு 230. பிளக்கின் வடிவத்தை மாற்றும் அடப்டர் வோல்ற்றைக் குறைக்காது, போட்ட கணமே கருவி எரியும். நோர்வே, பிரித்தானியா, ஜேர்மனியில் வாங்கியவை எரியாது. எரிவதும் ஒருவகையில் நல்லதுக்குத்தான்.

வைத்தியர் சொல்லும் ஈரம் வேறு

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். வைத்தியசாலையில் முகத்தில் மாஸ்க் வைத்துப் பிடிக்கும் நெபுலைசர் ஈரப்பதனூட்டி அல்ல. அது மருந்தை நுண்துளியாக்கி நுரையீரலுக்குள் அனுப்பும் கருவி. இரண்டிலும் புகை வருவதால் ஒன்றென்று நினைத்து, வீட்டுக் கருவிக்கு முன்னால் பிள்ளையை இருத்தி வைத்திருப்பவர்கள் உண்டு. முட்டு முற்றும் நேரத்தில் அப்படிக் கழியும் ஒவ்வொரு நிமிடமும் ஆபத்து. பேச முடியாமல் மூச்சு வாங்கினால், விலாவுக்கு இடையில் தோல் உள்ளே இழுபட்டால், உதடு நீலம் பாரித்தால் உடனே வைத்தியசாலைக்கு ஓடுங்கள். ‘பம்ப்’ என்று நாம் சொல்லும் இன்ஹேலரே ஆஸ்துமாவுக்கு அடிப்படைச் சிகிச்சை. அரச கிளினிக்கில் இலவசமாகக் கிடைக்கும். அதைப் பாவித்தால் பழகிவிடும் என்ற பயத்தில் நிறுத்தியவர்களை நான் ஊர் ஊராகப் பார்த்திருக்கிறேன்.

உண்மையில் ஈரமூட்டிய காற்று தேவைப்படும் ஒரு பகுதியினர் நம்மிடையே இருக்கிறார்கள். காயத்தாலோ நோயாலோ கழுத்தில் துளையிட்டு மூச்சுக்குழாய் வைத்திருப்பவர்களுக்கு மூக்கு செய்ய வேண்டிய வேலை நடப்பதில்லை. மூக்குத்தான் காற்றைச் சூடாக்கி, ஈரமாக்கி, தூசை வடிக்கிறது. அவர்களுக்குச் சளி இறுகிக் குழாயை அடைக்கலாம். கழுத்துப் பக்கம் முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டவர்களுக்கு இருமும் பலம் குறைவு என்பதால் இறுகிய சளி இன்னும் சிக்கல். இவர்களுக்கு என்ன வகை, எவ்வளவு நேரம் என்பதை அவர்களைப் பார்க்கும் வைத்தியரே சொல்ல வேண்டும். குழாயில் பொருத்தும் சிறு வடிகட்டியே சிலருக்குப் போதும். அறைக்குப் புகை விடுவது அதற்கு மாற்று அல்ல. வீட்டில் ஒட்சிசன் பாவிப்பவர்களின் குமிழிப் போத்தலிலும் காய்ச்சி வடித்த நீரையே விட்டு, நாளாந்தம் மாற்ற வேண்டும்.

இரண்டு கிழமைக்கு மேலே நீடிக்கும் இருமல் என்றால் காற்று வறட்சியா ஈரமா என்ற ஆராய்ச்சியை விட்டுவிட்டு, அருகிலுள்ள மார்பு நோய் சிகிச்சை நிலையத்தில் சளிப் பரிசோதனை செய்யுங்கள். காச நோய் இன்னும் நம்மை விட்டுப் போகவில்லை. அந்தப் பரிசோதனைக்குப் பணமும் தேவையில்லை.

ஈரத்தை எப்படி வெளியே அனுப்புவது?

நம் கேள்வி பெரும்பாலும் ஈரத்தைச் சேர்ப்பது அல்ல, குறைப்பது. போருக்குப் பின்னர் வந்த வீட்டுத்திட்டங்களின் வீடுகள் ஏறத்தாழ 550 சதுர அடி கொண்டவை. இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு வீட்டுக்குக் கொடுக்கப்பட்டது 550,000 ரூபா. சீமெந்து, மணல் விலை ஏறிய காலத்தில் அந்தப் பணம் சுவர் எழும்புவதோடு தீர்ந்து, வெளிப்பூச்சு இல்லாமலே குடிபுகுந்தவர்கள் பலர். பூசாத சீமெந்துக் கல் மழையை உறிஞ்சும். அத்திவாரத்தில் ஈரத்தடுப்புப் படை சரியாக இடப்படாவிட்டால் நிலத்து நீர் சுவரில் மேலேறும். தகரக் கூரையின் உட்புறம் விடியப்புறத்தில் வியர்த்துச் சொட்டும். வீட்டுக்காரரின் சோம்பலால் சுவர் கறுக்கிறது என்று சொல்லிவிட்டுப் போகும் அதிகாரிகளைக் கண்டு எனக்குக் கோபம் வந்திருக்கிறது.

பூச்சு வேலைக்குப் பணம் வரும்வரை செய்யக்கூடியவை சில. கட்டிலையும் அலுமாரியையும் சுவரில் இருந்து நாலு விரல் தள்ளி வையுங்கள். மழை விட்டதும் எதிரெதிர் யன்னல்களைத் திறந்து காற்றை ஊடறுத்துப் போக விடுங்கள். ஈர உடுப்பை அறைக்குள் காயப் போடாதீர்கள். மெத்தை, தலையணையை வெயிலில் போடுங்கள். கூரைத் தண்ணீர் சுவரடியில் விழாமல் ஒரு பீலியாவது கட்டுங்கள். விறகடுப்புப் புகை படுக்கும் அறைக்குள் வராமல் குசினியைப் பிரித்தால் முட்டுக்கு அதுவே பாதி வைத்தியம்.

இரவில் யன்னலைத் திறக்கச் சொல்வது இலகு. ஆண் துணை இல்லாமல் பிள்ளைகளோடு இருக்கும் பெண்கள் ஏன் திறப்பதில்லை என்பது நமக்குத் தெரியும். அவர்களுக்கு, கூரைக்குக் கீழே உயரத்தில் இரண்டு பக்கமும் பூக்கல் வைத்த துவாரமும், அதற்கு நுளம்பு வலையும் உதவும். ஆள் நுழைய முடியாது, காற்று நுழையும். ஏற்கனவே இருக்கும் துவாரத்தைத் தூசு வருகிறது என்று கடதாசியால் அடைத்திருந்தால் அதை எடுத்துவிடுங்கள்.

சுவரில் படர்ந்த பூஞ்சணத்தை உலர்ந்த தும்புத்தடியால் தட்டாதீர்கள், வித்திகள் அறை முழுதும் பறக்கும். முகக்கவசம் போட்டு, சவர்க்காரத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, காய விடுங்கள். முட்டு உள்ள பிள்ளை அப்போது வீட்டுக்குள் இருக்கக்கூடாது. குளோரின் பாவிப்பதானால் வேறெந்தத் திராவகத்தோடும் கலக்க வேண்டாம். ஈரம் வரும் வழி அடைபடாவிட்டால் அது திரும்ப வரும்.

படங்களும் பத்திரங்களும்

2017 பெப்ரவரி 20 இல் கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகளின் போராட்டம் தொடங்கியதில் இருந்து, அந்தப் பந்தல்களில் நான் அதிகம் கண்டது படங்கள். பல வீடுகளில் அந்தப் படமும், முறைப்பாட்டுப் பிரதிகளும், பிறப்புச் சான்றிதழும் ஒரு பொலித்தீன் பைக்குள் சுற்றி அலுமாரியில் இருக்கின்றன. மழைக்கு அது பாதுகாப்பு. ஆனால் ஈரமான நாளில் கட்டிய பைக்குள் ஈரமும் சேர்ந்து கட்டுப்படுகிறது.

பழைய படங்களின் மேற்பரப்பு ஜெலற்றின் பூச்சு. ஈரத்தில் அது ஊதி, பசை போலாகி, முட்டிக்கொண்டிருக்கும் கண்ணாடியோடு ஒட்டும். அப்படி ஒட்டிய படத்தை இழுக்க வேண்டாம், முகம் கண்ணாடியோடு வந்துவிடும். தண்ணீர் விட்டும் பார்க்க வேண்டாம். கண்ணாடியோடு சேர்த்தே, நிழலில், சற்றுச் சரிவாக நின்று கைத்தொலைபேசியால் படம் எடுங்கள், அல்லது நல்ல ஸ்ரூடியோவில் ஸ்கான் செய்யுங்கள். பிரதியை இரண்டு இடத்தில் வைத்திருங்கள், ஒன்று வெளிநாட்டில் உள்ள உறவினரிடம் இருக்கட்டும். இனிமேல் சட்டம் போடும்போது படத்துக்கும் கண்ணாடிக்கும் இடையில் மட்டை விளிம்பு வைக்கச் சொல்லுங்கள். மூலப் பத்திரங்களை லமினேற் செய்ய வேண்டாம். சூட்டில் ஒட்டிய பிளாஸ்ரிக்கைத் திரும்ப உரிக்க முடியாது. உலர்ந்த நாளில், மதிய நேரத்தில், மூடி இறுகும் டப்பாவில் சப்பாத்துப் பெட்டிகளில் வரும் சிலிக்கா சிறுபொதிகளோடு வைத்து, சுவரில் முட்டாத தட்டில் வையுங்கள். ஈரமானவற்றை வெயிலில் போடாமல் நிழலில் காற்றாட விடுங்கள்.

பெரியம்மா வீட்டுப் படத்தைக் கண்ணாடியோடு வைத்தே நகல் எடுத்தோம். இடது பக்கக் காதோரம் மங்கியிருக்கிறது, முகம் தெளிவாக இருக்கிறது. ஒரு பிரதி ஒஸ்லோவுக்கும் போனது. பேரனுக்கு கிளினிக்கில் பம்ப் கொடுத்து, பிடிக்கும் முறையையும் காட்டினார்கள். நான் கொண்டுபோன மானி, கருவியை நிறுத்தி, யன்னலைத் திறக்காத அன்று விடியப்புறம் 88 காட்டியது. ஒரு கிழமை காற்றோட விட்ட பிறகு மதியத்தில் 66. ஈரப்பதனூட்டியைக் கழுவி, தாங்கியைக் காய வைத்து, வந்த பெட்டிக்குள்ளேயே வைத்திருக்கிறார். யாருக்காவது கொடுக்கட்டுமா என்று கேட்டார். இந்த ஊரில் கொடுக்க ஆளில்லை என்றேன்.